சுவருக்கு நான்கு வீச்சு

ஓல்ஷ்டின் நகரத்தில் மூன்றாம் எண் டிராம் ஓட்டுகிறேன்.
விடியுமுன் கிளம்பும் முதல் வண்டியில்
என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு
குளத்துக்கு வருவாள் யகோதா.
தலையில் அப்போதே ரப்பர் தொப்பி,
அதன்மேல் கம்பளித் தொப்பி.
பயணிகள் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

மல்லாந்து நீந்துகிறவளுக்குச் சுவர் தெரியாது.
அதனால் எந்த ஊர்ப் போட்டிக் குளத்திலும்
சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால்
குறுக்கே கயிறு கட்டி
முக்கோணக் கொடிகள் தொங்கவிட்டிருப்பார்கள்.
கொடி கண்ணில் பட்டதும் எண்ண வேண்டும்.
நான்கு வீச்சு.
புரண்டால் காலடியில் சுவர்.

அந்த நான்கைக் கற்றுக்கொள்ள
ஒரு முழுப் பனிக்காலம் பிடித்தது.
பயிற்சியாளர் போஷெனா விளிம்பில் மண்டியிட்டு
நுரைமெத்தை ஒன்றைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தார்.
தலை அதில் மோதாத முதல் நாள்
எழுந்து நின்று கோபமாகக் கேட்டாள்:
'மெத்தையை யார் எடுத்தது?'

பிறகு அந்தக் கடிதம்.
பன்னாட்டுப் போட்டிக்குப் போக வேண்டுமென்றால்
அவளுக்கு எதெல்லாம் வராது என்று
முன்பின் தெரியாதவர்களிடம் நிரூபிக்க வேண்டும்.
பள்ளிக்கூடத் தாள்கள், மருத்துவர் முத்திரை,
சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்பதற்குச் சாட்சி,
எல்லாம் ஒரு பழுப்புக் கோப்பில்.
லூப்லினில் ஒரு விடுதி அறை.
இரண்டு பெண்கள், ஒரு கணினி, கொஞ்சம் மரக்கட்டைகள்.

முந்தின இரவு அவளுக்குத் தூக்கமில்லை.
'நாளைக்குப் போட்டி, அப்பா.'
போட்டியில்லை, பரீட்சை என்றேன்.
'ஜெயிக்கிற பரீட்சை' என்றாள்.

முயற்சி செய், இன்னும் ஒரு தடவை, விட்டுவிடாதே
என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லி வளர்த்த பெண்ணிடம்
நாளைக்கு மட்டும் கொஞ்சம் தோற்றுவிடு என்று
எந்த வாயால் சொல்வது?
சொல்லவில்லை.
சொல்ல வாயெடுத்தேன் என்பதை மட்டும்
இங்கே எழுதிவைக்கிறேன்.

தாழ்வாரத்தில் காபி இயந்திரத்தின் பக்கத்தில்
ஒரு மணி நாற்பது நிமிடம்.
கதவுக்குள் கட்டைகள் மேசையில் விழும் சத்தம்.
வெளியே வந்தபோது கன்னம் சிவந்திருந்தது.
வேகமாக அடுக்கினாளாம், ரொம்ப வேகமாக.
படகும் ரயிலும் எப்படி ஒன்று என்று கேட்டார்களாம்.
'இரண்டிலும் சாண்ட்விச் சாப்பிடலாம்.
டிராமில் கூடாது, அப்பா திட்டுவார்.'
சிரிக்காமல் எழுதிக்கொண்டார்களாம்.
அதற்கு எத்தனை மதிப்பெண் என்று இன்றுவரை தெரியவில்லை.
நானாக இருந்தால் முழுசாகப் போட்டிருப்பேன்.

'ஜெயிச்சேனா?'
தெரியாது, யகோதா.

மூன்று வாரம் கழித்து வந்தது: தகுதி உண்டு,
வகுப்பு பதினான்கு.
சமையலறையில் நின்றபடியே படித்துத்
துள்ளியதில் நாற்காலி கவிழ்ந்தது.
எதற்குத் துள்ளினேன் என்று
இரண்டாம் முறை படிக்கும்போதுதான் உறைத்தது.
நாற்காலியை மெதுவாக நிமிர்த்தி வைத்தேன்.

ப்ரனோ. நூறு மீட்டர் மல்லாந்த நீச்சல், ஐந்தாம் தடம்.
கொடிகள் முகத்துக்கு நேரே வந்ததும்
அவள் உதடு அசைவது
மேல்வரிசையிலிருந்தே எனக்குத் தெரிந்தது.
புரண்டாள். உதைத்தாள்.
இதுவரை அவள் நீந்தியதிலேயே வேகமான நூறு.
எட்டுப் பேரில் ஏழாவது.

தண்ணீரை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள்.
பக்கத்து இருக்கைக்காரர் என் தோளைத் தட்டி
'கலந்துகொண்டதே பெரிசு' என்றார்.
அவளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள் என்றேன்.

திரும்பும் ரயிலில் நெடுநேரம் பேச்சில்லை.
எல்லை தாண்டியபின் சாண்ட்விச்சைப் பிரித்தாள்.
கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே,
'நான்கு இல்லை, அப்பா' என்றாள்.
'வேகமாகப் போனால் நான்கு இல்லை.
மூன்றரை.'

என் தலைக்குமேல், சாமான் தட்டில், பழுப்புக் கோப்பு.
அதில் பதினோராம் பக்கம்:
பின்னங்கள் புரிவதில்லை.
கீழே என் கையெழுத்து.